30 மில்லிமீட்டருக்கு ஒரு சட்ட வழி வேண்டும்

சிறிய கார் ஒன்றின் முன்சக்கரத்துக்கு மேலே, ஸ்ட்ரட் எனப்படும் தூணின் உச்சியில் ஒரு நட்டு இருக்கிறது. பார்த்தால் சாதாரண நட்டு. ஸ்பேனர் போட்டால் சுற்றும். ஆனால் தூணைக் கழற்றி வெளியே எடுத்த பிறகும் அதிலிருக்கும் சுருள்வில்லை விரியவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த ஒற்றை நட்டுதான். ஒரு மில்லிமீட்டர் அழுங்குவதற்கு 2 கிலோ விசை கேட்கும் ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அழுத்திப் பிடித்தால், அது 300 கிலோ விசையோடு திருப்பித் தள்ளும். அதற்குள் அடைபட்டிருக்கும் ஆற்றல், 10 கிலோ கல் ஒன்று 2 மீட்டருக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமம். அந்த நட்டுக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டுதான், காரைத் தாழ்த்த நினைக்கும் பலர் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்.

காரின் உயரத்தைக் குறைப்பது தமிழ்நாட்டு இளைஞர்களிடையே பரவியிருக்கும் ஆசைகளில் ஒன்று. சக்கரத்துக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் அளவுக்கு இருக்கும் இடைவெளி அவர்கள் கண்ணை உறுத்துகிறது. கார் சற்றுப் படிந்து நின்றால் அழகு என்பது ஒரு காரணம்; திருப்பத்தில் சாயாமல் ஒட்டி ஓடும் என்பது இன்னொன்று. அதற்காகவே விற்கப்படும் ‘லோயரிங் ஸ்பிரிங்’குகளை மாட்டினால் வண்டி பெரும்பாலும் 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறங்கும். அந்த விலைக்கு மனம் வராதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: கம்பெனி ஸ்பிரிங்கையே கட்டிங் மெஷினில் கொடுத்து ஒரு சுற்றை வெட்டி எறிவது.

இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இருக்கிறது. முதலாவது, கணக்குப் போட்டுச் செய்த மாற்றம். இரண்டாவது, உயிரோடு விளையாடுவது. ஆனால் நம் நாட்டில் இவற்றைப் பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோலும் இல்லை, பரிசோதித்துச் சான்று தர ஓர் ஏற்பாடும் இல்லை. முறையாகச் செய்ய நினைப்பவர் போய்க் கேட்க ஒரு கதவுகூட இல்லாதபோது மலிவான வழிதான் பெருகும். மாற வேண்டியது இந்த நிலைதான்.

வெட்டினால் என்ன ஆகும்?

சுருள்வில்லின் விறைப்பு மூன்று அளவுகளைப் பொறுத்தது: கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், அழுங்கக்கூடிய சுற்றுகளின் எண்ணிக்கை. தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. சுற்றுகளின் கணக்கு இதைவிட எளிது. 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மிச்சமிருக்கும் 5 சுற்றுகள் அதே எடையைத் தாங்க வேண்டும். விறைப்பு 20 சதவீதம் ஏறும். ஆகவே வெட்டிய ஸ்பிரிங் தளர்ந்துபோகும் என்று பலர் நினைப்பது தவறு. அது விறைக்கிறது.

ஆபத்து விறைப்பில் இல்லை, நுனியில் இருக்கிறது. கம்பெனி ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அது உட்காரும் கிண்ணத்துக்குப் பொருத்தமாக வளைக்கப்பட்டிருக்கும். வெட்டிய நுனி அந்தக் கிண்ணத்தில் சரியாகப் படியாது. அதோடு ஸ்பிரிங்கின் முழு நீளமும் குறைந்துவிடுவதால், சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் கிண்ணத்தில் தளர்ந்து ஆடும். அடுத்த நொடி சக்கரம் மேலேறும்போது இடம் மாறி உட்காரும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் இது நடந்தால், ஓட்டுபவர் அதை உணர்ந்து பிரேக்கை மிதிக்கும் நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

கேஸ் வெல்டிங் நெருப்பால் வெட்டுபவர்களும், வெட்டாமல் சூடுகாட்டியே ஸ்பிரிங்கைத் தொய்யவைப்பவர்களும் இதைவிட மோசமான வேலையைச் செய்கிறார்கள். ஸ்பிரிங் எஃகு தன் மீள்தன்மையைப் பெறுவது, காய்ச்சி, தோய்த்து, பதமாக்கும் வெப்பச் சிகிச்சையில்தான். நெருப்பு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெடுகிறது. வெளியே பார்த்தால் கறுத்த தழும்பு ஒன்றுதான் தெரியும். உடையும் நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

நல்ல ஸ்பிரிங் தரும் பலன் எவ்வளவு?

முறையான ஸ்பிரிங் போட்டாலும் அதன் பலனை மிகைப்படுத்தத் தேவையில்லை. 1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்றின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் எடையில் பாதி அளவு பக்கவிசை உண்டாகும் ஒரு கடுமையான திருப்பத்தில், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை சுமார் 183 கிலோ. வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால் அது 173 கிலோ ஆகும். ஆக, மிச்சம் 10 கிலோ. பந்தயத் தடத்தில் இந்த 10 கிலோவுக்கு மதிப்புண்டு. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு அலுவலகம் போகிறவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இறக்குவதால் கெடுவதும் உண்டு. இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ஓடுகிறது. ஜெனரல் மோட்டார்ஸில் சிறிய, மலிவான ‘கேடட்’ காருக்காக உழைத்த பொறியாளர் ஏர்ல் மேக்ஃபெர்சன், அந்தத் திட்டம் கைவிடப்பட்டதும் 1947-இல் ஃபோர்டுக்குப் போனார். 1950-இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஜெஃபிர் கார்கள் அவருடைய அமைப்பை உலகுக்குக் கொண்டுவந்தன. ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே தூணில் அடுக்கி, கீழே ஒரு கையை மட்டும் வைத்த சிக்கனமான யோசனை அது. அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. கீழ்க்கையின் சாய்வு மாறினால் சக்கரத்தின் கோணங்களும் சேர்ந்தே மாறிவிடும். வண்டியை இறக்கும்போது அந்தக் கை கிடைமட்டத்தைத் தாண்டி மறுபக்கம் சாய்கிறது. எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு வண்டியின் உடல் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்குகிறது. உயரம் மட்டும் குறைந்து ஸ்பிரிங் விறைக்காமல் இருந்தால் வண்டி திருப்பத்தில் முன்பைவிடக் கூடுதலாகவே சாயும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் கட்டை வரை சக்கரம் மேலேற 80 மில்லிமீட்டர் இடமிருந்தால், 30 இறக்கிய பின் 50 தான் மிச்சம். குறைந்த தூரத்துக்குள் அதே குழியின் அடியை வாங்க வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதும், சுற்றுகளின் இடைவெளியை ஒருபக்கம் நெருக்கி மறுபக்கம் அகட்டிச் சுமை ஏற ஏற விறைக்கும்படி செய்வதும் இதற்காகத்தான். அந்த விறைப்பை அடக்க ஷாக் அப்சார்பரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். ஓடித் தேய்ந்த ஷாக் அப்சார்பரோடு புது ஸ்பிரிங்கை மாட்டினால் வண்டி குதித்துக்கொண்டே போகும்.

வாசலில் நடக்கும் வேலை

இதை வீட்டில் செய்யவே கூடாதா? கூடும். கருவியும் பொறுமையும் உள்ளவருக்கு இது எட்டாத வித்தை இல்லை. ஆனால் எந்த இடத்தில் தவறு நேரும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் தவறு தரையில் தொடங்குகிறது. மண் தரையில் ஜாக்கி புதையும். வெயிலில் இளகிய தாரிலும் புதையும். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட வேண்டும். காரோடு கொடுக்கப்படும் ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கானது. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடுவது தற்கொலைக்குச் சமம். இரும்பு ஸ்டாண்டுகள் வண்டியைத் தாங்க வேண்டும். செங்கல் அடுக்கோ பழைய ரிம்மோ அதற்கு மாற்றாகாது.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். மறந்துவிட்டு இழுத்தால் இரண்டும் அறுபடும். ஸ்ட்ரட்டையும் சக்கர மையத்தையும் இணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றும் முன் அவை இருந்த இடத்தைப் பெயின்டால் குறித்துக்கொள்வது மெக்கானிக்குகளின் வழக்கம். அந்த மையம் வெளியே சரிந்தால் ஆக்ஸில் மூட்டு கழன்று வரும். அதனால் ஒரு கம்பியால் கட்டி வைப்பார்கள். கடைசியாக மேலே இருக்கும் நட்டுகளைக் கழற்றித் தூணை வெளியே எடுப்பார்கள். நடு நட்டை மட்டும் அப்போது தொடக் கூடாது.

அடுத்தது ஸ்பிரிங் கம்ப்ரஸர். கொக்கிகள் கொண்ட இரண்டு நீண்ட திருகுகளை ஸ்பிரிங்கின் இருபக்கமும் எதிரெதிராக மாட்டி, இதில் சில சுற்று, அதில் சில சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கியிலிருந்து நழுவும். ஏர் கன்னால் படபடவென்று இறுக்குவது கூடாது; கையால்தான் இறுக்க வேண்டும். ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் தளர்ந்து, விரலால் அசைக்க முடிகிறது என்று உறுதியான பிறகே நடு நட்டில் ஸ்பேனர் போகலாம். கம்ப்ரஸர் இல்லாமல் கயிற்றால் கட்டியும், காலால் மிதித்தும், நட்டைத் தட்டிவிட்டு ஒதுங்கியும் இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இருமுறை பிழைத்துக்கொண்டதை அவர்கள் அனுபவம் என்று எண்ணுகிறார்கள்.

புது ஸ்பிரிங்கின் நுனி கிண்ணத்திலுள்ள தடுப்பைத் தொட்டு நிற்க வேண்டும். நட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று இங்கே உண்டு. ரப்பர் புஷ் உள்ள கைகளின் போல்ட்டுகளை, வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையைத் தொட்டு, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் முறுக்கிய நிலையிலேயே ஓடிச் சீக்கிரம் கிழிந்துபோகும்.

பின்பக்கம் எளிது. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் பின்சக்கரங்களை ஒரே முறுக்குத் தண்டு இணைக்கிறது. ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் இருக்கும். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றித் தண்டை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பின்பக்கம் இறங்கும் உயரத்தைப் பார்த்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பாரம் ஏறியிருப்பதாக எடுத்துக்கொள்ளும். பின்சக்கரங்களுக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். ஈரச் சாலையில் அவை முதலில் பூட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். சக்கரக் கோணம் மாறியிருப்பதால், பார்க்காமல் ஓட்டினால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்துவிடும். முன்னும் பின்னும் சமமாக இறங்கவில்லை என்றால் ஹெட்லைட்டின் கோணமும் மாறியிருக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை என்று தொடங்குவது, ஒழுங்காகச் செய்தால் இரண்டு வார வேலை.

வேகத்தடைக்கும் அளவு உண்டு

காரை இறக்கியவரைப் பார்த்து எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “அடி தட்டாதா?” என்பதுதான். இதற்கான விடை காரில் பாதியும் சாலையில் பாதியுமாக இருக்கிறது.

இந்தியச் சாலைப் பேரவையின் ஐஆர்சி 99 என்ற வழிகாட்டி, வேகத்தடைக்கு ஓர் அளவு சொல்கிறது: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் சிரமமின்றிக் கடக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஸ்விஃப்ட்டின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2,450 மில்லிமீட்டர்; தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். இந்தக் கார் விதிப்படி அமைந்த வேகத்தடையின் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் தடையின் மேலேயே இருக்கும். சக்கரங்களை இணைக்கும் கோட்டுக்கு மேலே தடை புடைத்திருப்பது 44 மில்லிமீட்டர் மட்டுமே. 30 மில்லிமீட்டர் இறக்கி 133 ஆக்கிய காருக்கும் அடியில் 89 மில்லிமீட்டர் இடம் மிச்சமிருக்கும். தட்ட வாய்ப்பே இல்லை.

இப்போது ஊருக்குள் இரவோடு இரவாகப் போடப்படும் வேகத்தடையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு முழம் அகலம், 15 செ.மீ. உயரம் என்றால் சக்கரங்கள் இருபுறமும் தரையில் நிற்க, 150 மில்லிமீட்டர் மேடு முழுதும் காரின் வயிற்றுக்குள் நுழையும். இறக்கிய கார் உரசும் என்பது வெளிப்படை. இறக்காத ஸ்விஃப்ட்டுக்கும் மிச்சம் 13 மில்லிமீட்டர்தான். ஐந்து பேரும் டிக்கியில் ஊர்ச் சாமானும் ஏறினால் அதுவும் போய்விடும். அந்தத் தடையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் தூக்கியெறியப்படுவதும், ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளியின் உடல் குலுங்குவதும் இதே அளவுமீறலால்தான். வண்டி தயாரிப்பாளரின் அளவிலிருந்து மாறக் கூடாது என்று கேட்பது நியாயமே. வேகத்தடை தன் அளவிலிருந்து மாறக் கூடாது என்றும் அதே குரலில் கேட்க வேண்டும்.

கேஸ் சிலிண்டருக்கு வழி உண்டு, ஸ்பிரிங்குக்கு இல்லை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை வகுத்தது. இதில் ஸ்பிரிங் எங்கே நிற்கிறது? ஆர்.சி.யில் தரை இடைவெளி என்று ஒரு கட்டமே இல்லை. ஆகவே எதிரே நிற்கும் அதிகாரியின் முடிவே சட்டமாகிவிடுகிறது. மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டவர், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டுப் போகும்போது அதுவும் தகராறாகிறது.

இந்தியாவில் வண்டியை மாற்றவே வழி இல்லையா என்றால், இருக்கிறது. பெட்ரோல் காரில் சிஎன்ஜி கிட் பொருத்தலாம். 200 பார் அழுத்தத்தில் எரிவாயு அடைத்த சிலிண்டரை, குழந்தைகள் உட்காரும் இருக்கைக்குப் பின்னால் வைப்பதற்குச் சட்டம் அனுமதி தருகிறது. ஒப்புதல் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற பட்டறை, ஆர்.சி.யில் பதிவு, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை என்று அதற்கு ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆபத்தை ஆளத் தெரிந்த அரசுக்கு 30 மில்லிமீட்டர் ஸ்பிரிங்கை ஆள்வது கடினமாக இருக்க முடியாது.

மற்ற நாடுகள் இதைத் தம் வழியில் தீர்த்திருக்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள் 1940-களிலும் 50-களிலும் டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் ஸ்பிரிங்கை வெட்டியும் கார்களைத் தாழ்த்தினார்கள். லோரைடர் என்ற கலாச்சாரமே அதிலிருந்து பிறந்தது. 1958-இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், வண்டியின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே தொங்கக் கூடாது என்றது. டயர் பஞ்சரானாலும் வண்டியின் அடி சாலையில் உரசாது என்பது அந்த அளவுக்குள் இருக்கும் நியாயம். அடுத்த ஆண்டே சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிரே தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார்: சாலையில் சட்ட உயரம், நிறுத்தும்போது தாழ்வு. அந்தத் தடையைக் கலிஃபோர்னியா 2023-இல் நிறைவேற்றிய சட்டத்தால் நீக்கியது. லோரைடர்களைக் குற்றவாளிகளாகப் பார்த்தது தவறு என்று அந்த மாநிலம் உணர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஜப்பானின் விதி இன்னும் எளிது. தரை இடைவெளி 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வாகனச் சோதனையில் அளந்து பார்ப்பார்கள்.

மிகவும் பின்பற்றத் தக்கது ஜெர்மனியின் முறை. அங்கே விற்கப்படும் தரமான ஸ்பிரிங்கோடு ஒரு சோதனை அறிக்கை வரும். எந்த மாடல் காருக்கு, எந்த அளவு டயரோடு பொருத்தலாம் என்று அதில் இருக்கும். வீட்டிலேயே மாட்டலாம், பட்டறையிலும் மாட்டலாம். மாட்டிய பிறகு டியூஃப் போன்ற சோதனை அமைப்பின் பொறியாளரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உரசுகிறதா, ஹெட்லைட் சரியா, ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து அவர் சான்று தருவார். டியூஃப் பிறந்த கதை இங்கே பொருத்தமானது. 1865-இல் மான்ஹைம் நகரத்து மதுவடிப்பாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. நீராவியைத் தடை செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு கொதிகலன் உரிமையாளர்களே கூடி, தங்கள் கொதிகலன்களைச் சோதிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்று ஒரு காரின் ஸ்பிரிங்கைச் சோதிக்கும் அமைப்புகளின் வேர் அங்கே இருக்கிறது. அடைபட்ட ஆற்றலைப் பார்த்துப் பயந்தவர்கள், அதை அளக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நமக்கு இதற்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தம், வாகன மாற்றங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்றும், அப்படிச் செய்த மாற்றத்தால் தயாரிப்பாளரின் வாரன்டி செல்லாமல் போகாது என்றும் சொல்கிறது. சென்னைக்கு அருகே ஓரகடத்தில் வாகன ஆராய்ச்சி, சோதனை மையம் இயங்குகிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர்கள் தாங்களே ஸ்பிரிங் விறைப்பைக் கணக்கிட்டு, கார் கட்டி ஓட்டுகிறார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கணக்கை ஊர்ச் சாலைக்குக் கொண்டுவரும் விதிதான் இல்லை.

விதிக்கு நான்கு வரிகள் போதும். குறைந்தபட்சத் தரை இடைவெளி ஒன்றை எண்ணில் சொல்ல வேண்டும். வெட்டிய ஸ்பிரிங்கையும் சூடுகாட்டிய ஸ்பிரிங்கையும் பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டும். மாடல்வாரியாகச் சோதித்த ஸ்பிரிங்குகளுக்கு முத்திரை தர வேண்டும். யார் மாட்டினாலும், அலைன்மென்ட் தாளோடு சோதனை மையத்துக்கு வந்து காட்டினால் ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும்.

அந்த விதி வரும் வரை, ஸ்பிரிங் பெட்டியை வீட்டில் வைத்திருப்பவர் செய்யக்கூடியது உண்டு. தாழ்த்திய காரைச் சிக்கலின்றி ஓட்டும் இடம் பந்தயத் தடம்தான். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது, கோவையில் ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங்கை மாட்டும் முன், முதலில் ஒரு டேப்பை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். வீட்டாரை ஏற்றிக்கொண்டு தினமும் போகும் பாதையில் ஒருமுறை போய், எந்தெந்த வேகத்தடையில் இப்போதே அடி தட்டுகிறது என்று அதே தாளில் குறிக்கலாம். அந்தப் பட்டியலை இணைத்து, ஐஆர்சி 99-இன் அளவைச் சுட்டி, உள்ளாட்சிப் பொறியாளருக்கு ஒரு மனு கொடுக்கலாம். என்றைக்காவது புது ஸ்பிரிங் ஏறினால், கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளைப் பழைய இரும்புக்குப் போடாமல் இடது, வலது, முன், பின் என்று எழுதி, எண்ணெய் தடவிப் பரணில் வைக்கலாம். வண்டியை விற்கும் நாளிலோ, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் நாளிலோ அவை மறுபடி தேவைப்படும்.